மைலேஜ் ஏற்றும் டப்பா வேறு, இது வேறு: ஓபிடி ஸ்கேனரோடு எட்டு மாதம்

காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துப் போனில் காட்டும் இந்த ஓபிடி ஸ்கேனரை வாங்கிக் காரில் செருகிய அன்று சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு மைலேஜ் ஏறிச்சு?" அவர் மேல் தப்பில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அதே துளையில் செருகினால் பெட்ரோல் கண்டபடி மிச்சமாகும் என்று சொல்லி ஒரு டப்பாவை வருஷக்கணக்காக விற்றுக்கொண்டிருக்கிறார்கள், பார்க்க இதுவும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். அந்த வகை டப்பாக்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது இரண்டு மூன்று எல்இடி விளக்கு, அவற்றை மினுக்க ஒரு சின்ன சிப், அவ்வளவுதான். காரின் கம்ப்யூட்டரோடு பேச எந்த வழியும் இல்லை. சித்தப்பா அதில் ஒன்றை ஒரு வருஷம் மாட்டி வைத்திருந்தார், மைலேஜ் ஏறியதாகச் சத்தியம் செய்தார். நிஜமாகவே ஏறியிருக்கலாம். டப்பா மாட்டிய நாளிலிருந்துதான் அவர் ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்பிக் கணக்கெழுத ஆரம்பித்தார், கணக்கெழுதுகிற ஆள் ஆக்சிலரேட்டரை மெதுவாகத்தான் மிதிப்பார்.

நான் வாங்கியது வேறு ரகம். பெயர் தெரியாத கம்பெனி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ப்ளூடூத்தில் போனோடு பேசும், ஈஎல்எம்327 வகை என்று மேலே அச்சடித்திருக்கும். 16 பின் உள்ள அந்தத் துளை புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004. அதனால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் புகையோடு சம்பந்தப்பட்ட இன்ஜின் தகவல்களை எல்லோருக்கும் புரிகிற ஒரே மொழியில் சொல்லித்தான் ஆகவேண்டும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) சூடு, ஆர்பிஎம், வேகம், ஆக்சிஜன் சென்சார், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), அப்புறம் பழுது கோடுகள், அதாவது ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு குறியீட்டு எண். எல்லாம் போன் திரையில் ஓடும்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், வாங்க நினைப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். இது அசல் இல்லை. ஈஎல்எம்327 சிப்பைச் செய்தது எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா கம்பெனி. முதல் பதிப்பில் நகல் தடுப்பு எதுவும் வைக்காமல் விட்டார்கள், அதிலிருந்து உலகம் முழுக்க நகல்கள் கிளம்பின. என்னுடையதில் "வெர்ஷன் 1.5" என்று பெருமையாகப் போட்டிருக்கிறது. எல்ம் அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை, 1.4 வரிசைக்குப் பிறகு நேராக 2.0-தான். பெரிய எண் போட்டிருந்தால் நல்ல சரக்கு என்று நினைத்து 2.1 வாங்கிய நண்பனின் ஸ்கேனர் பாதிக் கட்டளைகளுக்கு வாயே திறக்காது, என் பொய்யான 1.5 அதைவிட ஒழுங்காக வேலை செய்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பழைய ப்ளூடூத் ரகத்தை வாங்க வேண்டாம், சேராது. வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஆண்ட்ராய்டில் 1234 என்று அடித்தால் சேர்ந்துவிடும். நிறைய அளவுகளை ஒரே நேரத்தில் கேட்டால் மூச்சு வாங்கும், வினாடிக்கு ஒன்றிரண்டு முறைதான் எண் மாறும். மூன்று நான்கு அளவோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை இல்லை.

சரி, இதை எதற்கு வாங்கினேன்? பழுது பார்க்க என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மையில் வாக்குவாதத்தில் ஜெயிக்க. கார் பைத்தியங்களுக்கு ஒரு வியாதி உண்டு. குடும்ப விசேஷத்தில் யாராவது "இன்டிகேட்டருக்கு எண்ணெய் மாத்தணுமாமே" என்று கேட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பைத்தியத்தைத் திரும்பிப் பார்ப்போம், வாய் சிரிக்காது, கண் சிரிக்கும். எத்தனை நாள் கண்ணாலேயே சிரிப்பது, எண்ணைக் காட்டிச் சிரிக்கலாமே என்று ஆசை.

முதல் பலி சித்தப்பா. இறக்கம் கண்ணில் பட்டதும் அவர் கை தானாகக் கியருக்குப் போகும், நியூட்ரல். "இனிமே சொட்டு பெட்ரோல் போகாதுடா." கார்புரேட்டர் காலத்தில் ஓட்டக் கற்றவர், அந்த வண்டிகளுக்கு அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. எஃப்ஐ வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டியில், கதை வேறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஆர்பிஎம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு மேல் இருக்கும் வரை இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் சுற்றிவிட ஆள் இல்லை, அணைந்துவிடாமல் இருக்க இன்ஜின் சொந்தமாகக் குடித்தாக வேண்டும்.

இதைக் காட்டிவிடுவது என்று போனை டேஷ்போர்டில் மாட்டி, எரிபொருள் செலவைத் திரையில் பெரிசாகப் போட்டேன். இறக்கம் வந்தது. மூன்றாவது கியர். "காலை எடுங்க சித்தப்பா" என்றேன். எடுத்தார். பூஜ்யம் வரவேண்டும். மணிக்கு 1.4 லிட்டர் என்று காட்டியது. அடுத்த இறக்கத்தில் அவர் பாணியில் நியூட்ரல் போட்டார். 0.8.

"யாரு குடிக்கிறா?" என்றார். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை, ஆனால் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆப் பெட்ரோலை அளக்கவே இல்லை. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று ஏர் ஃப்ளோ சென்சார் சொல்வதை எடுத்து, 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற கணக்கில் வகுத்துக் காட்டுகிறது. சாதாரண ஓட்டத்தில் அது சரியாக வரும். காலை எடுத்து இன்ஜெக்டர் மூடிய நேரத்தில் காற்று மட்டும் போய்க்கொண்டிருக்கும், பெட்ரோல் போகாது, அது ஆப்புக்குத் தெரியாது. ஆர்பிஎம் அதிகம் என்பதால் காற்றும் அதிகம், அதனால் 1.4. அடுத்த முறை செலவுக் கணக்கை எடுத்துவிட்டு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட்டைப் போட்டேன். என் வண்டியில் ஓடும்போது அது 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே குதித்துக்கொண்டே இருக்கும். காலை எடுத்ததும் குதிப்பது நின்று 0.02-ல் படுத்துவிட்டது. புகைக் குழாயில் வருவது வெறும் காற்று என்று அர்த்தம். பக்கத்தில் எரிபொருள் நிலை என்ற கட்டத்தில், வேகம் குறைவதால் எரிபொருள் நிறுத்தம் என்று வண்டியே எழுதிக் காட்டியது. நியூட்ரல் போட்டோம், ஒரே வினாடியில் சென்சார் மறுபடி குதிக்க ஆரம்பித்தது.

சித்தப்பா ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். "போன வாரம் இந்த டப்பா தப்பா காட்டுதுன்னு நீதான் சொன்ன. இந்த வாரம் அதே டப்பாவைக் காட்டி நம்பச் சொல்ற." என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நியூட்ரலில் இன்ஜின் பிடித்து இழுக்காது, வண்டி அதிக தூரம் உருளும், மெல்லிய சரிவில் கடைசிக் கணக்கு அவர் பக்கம் சாயவும் வாய்ப்பு உண்டு. பிரேக் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டிய சரிவில்தான் கியர் சந்தேகமில்லாமல் ஜெயிக்கும், அங்கே பெட்ரோலைவிட பிரேக் சூடாகாமல் இருப்பதுதான் பெரிய விஷயம். இதை அவரிடம் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே உறும விடுவார். இன்ஜின் சூடாகாமல் எடுத்தால் தேய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. அவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு காலை ஸ்கேனரை மாட்டினேன். முதல் நாள் அவர் முறை: கூலன்ட் 26 டிகிரியில் தொடங்கி, பத்து நிமிஷம் நின்றும் 61-தான். மறுநாள் ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்தில் கிளம்பி, ஆர்பிஎம் ஏற்றாமல் மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஆறு நிமிஷத்தில் 84. சும்மா நிற்கும் இன்ஜினுக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சூடு இல்லை, ஆனால் குளிர்ந்த இன்ஜின் என்பதால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத்தான் ஊற்றும். அது சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவும். அதாவது எதைத் தடுக்க நினைக்கிறாரோ அதைத்தான் பத்து நிமிஷம் செய்துகொண்டிருக்கிறார். எண்ணெய் மேலே ஏறச் சில வினாடி போதும். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் காலை மறுபடி அதே பத்து நிமிஷம். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் யாரும் கூப்பிடாமல் ரேடியோ கேட்கக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதானாம். அதற்கு எந்தச் சென்சாரும் இல்லை.

சூடு என்றதும் அந்த முள் நினைவுக்கு வருகிறது. "என் இன்ஜின் மாதிரி வராது, டெம்பரேச்சர் முள் நடுவுல நின்னா நின்னதுதான்" என்று பெருமைப்படுகிற நண்பன் ஒருவன் உண்டு. அவன் வண்டியில் மாட்டினோம். 78 டிகிரியில் முள் நடுவில். டிராஃபிக்கில் 101 ஏறியபோதும் முள் நடுவில். பல வண்டிகளில் இப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள், நிஜச் சூடு மேலும் கீழும் ஆடினாலும் ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை முள் அசையாது, இல்லாவிட்டால் முள் லேசாக நகர்ந்ததற்கெல்லாம் ஆட்கள் சர்வீஸுக்கு ஓடி வருவார்கள். கெட்டது என்னவென்றால், அந்த முள் நடுவை விட்டு நகரும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். இந்த ஆப்பில் எச்சரிக்கை வைக்கலாம், நான் 108-க்கு வைத்திருக்கிறேன். இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம் என்று சொல்வேன், முக்கியமாகப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு.

இப்போது செக் இன்ஜின் விளக்கு. மக்கள் இந்த மஞ்சள் விளக்கை நடத்தும் விதத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். ஆபீஸில் ஒருவர் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார், இரவில் கண்ணைக் கூசுகிறதாம். ஸ்கேனரில் பி0455 என்று வந்தது. டேங்கிலிருந்து ஆவி வெளியேறும் பாதையில் பெரிய கசிவு. பின்னால் போய்ப் பார்த்தால் பெட்ரோல் மூடி அரைகுறையாகத் திருகியிருந்தது. கிளிக் சத்தம் வரும்வரை திருகி, அந்தப் பழுது கோடை அழித்துவிட்டேன், விளக்கு திரும்ப வரவில்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஆபீஸில் என் ஸ்கேனர் வைத்தியப் பெட்டியாகிவிட்டது. "அவர்கிட்ட ஒரு டப்பா இருக்கு, மாட்டினா சரியாயிடும்." இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் மறுபடி வந்தார், இம்முறை பி0171, கலவையில் பெட்ரோல் குறைவு. "போன தடவை மாதிரி அழிச்சு விட்டுடுங்க" என்றார். அழிப்பது என்பது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது. பழுது அப்படியே இருக்கும், அது எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்று வண்டி சேமித்து வைத்திருந்த குறிப்பும் போய்விடும், தானாகச் செய்துகொள்ளும் சோதனைகளையும் வண்டி முதலிலிருந்து தொடங்கும், அந்த நிலையில் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். இதையெல்லாம் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு புது ஆக்சிஜன் சென்சாரை எடுத்து மேஜையில் வைத்தார். கோடு எண்ணைத் தேடிப் பார்த்தாராம், எங்கேயோ அதை மாற்றச் சொல்லியிருந்ததாம்.

கோடு என்பது புகார். குற்றவாளியின் பெயர் அதில் இருக்காது. ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் பத்தவில்லை" என்று ஒழுங்காக வந்து சொல்லியிருக்கிறது, சொன்ன ஆளையே வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறார். ஃப்யூவல் ட்ரிம் என்று ஒரு எண் உண்டு, கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும். நின்றபடி ஓடும்போது, அதாவது ஐடிலில், அது கூட்டல் 22. ஆர்பிஎம்மை 2500-ல் பிடித்தால் கூட்டல் 6-க்கு இறங்கியது. இது வேக்குவம் கசிவின் (கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே நுழைவது) கையெழுத்து: ஐடிலில் உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு, ஆர்பிஎம் ஏறினால் அதே திருட்டுக் காற்று சின்னப் பங்காகிவிடும். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் தலைகீழாக இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற மோசமாகும். இன்டேக்குக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினோம், ஒரு ரப்பர் குழாயின் வளைவில் அடிப்பக்கம் வெடிப்பு, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம். புதுக் குழாய் போட்டதும் ட்ரிம் கூட்டல் 3. சென்சார் இன்னும் அட்டைப் பெட்டியில்தான் இருக்கிறது. "எப்பவாவது தேவைப்படும்" என்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் பார்த்துக்கொள்ளலாம். மின்னி மின்னி எரிந்தால் எங்கோ சிலிண்டர் பற்றவில்லை, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைச் சுட்டுவிடும். ஓரமாக நிறுத்துங்கள். டேப் ஒட்டாதீர்கள்.

ஸ்பீடோமீட்டர் விஷயத்தில் நண்பர்கள் மனதை உடைத்திருக்கிறேன். முள் 110 காட்டும்போது ஸ்கேனர் 104, ஜிபிஎஸ்ஸும் 104. ஐநா விதி எண் 39 பின்பற்றும் நாடுகளில் முள் நிஜ வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே பத்து சதவீதமும் அதோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். கம்பெனிகள் எதற்கு வம்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். "அன்னிக்கு 160 தொட்டேன்" என்று சொல்கிறவர்கள் தொட்டது பெரும்பாலும் நூற்றைம்பதைத்தான்.

அப்புறம் விலை கூடிய பெட்ரோல். ஆக்டேன் எண் ஏறினால் சக்தி ஏறும் என்பது அசைக்க முடியாத நம்பிக்கை, வாரம் ஒரு முறை இன்ஜினுக்கு டானிக் கொடுப்பதுபோல் போடுகிறவர்கள் உண்டு. ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், அவ்வளவுதான். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்த அளவுகோல். என் வண்டியில் ஒரு டேங்க் சாதா, ஒரு டேங்க் உசத்தி, அதே மேடு, அதே கியர், இக்னிஷன் டைமிங்கைப் பார்த்தேன். எந்த டேங்க் எது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கம்பெனியே உயர் ஆக்டேன் கேட்கும் டர்போ, உயர் கம்ப்ரெஷன் இன்ஜின்களில் நிச்சயம் வித்தியாசம் வரும், சாதாவைப் போட்டால் பெட்ரோல் தானாக வெடிக்கும் சத்தத்தை நாக் சென்சார் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், சக்தி குறையும். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போட்டால் போதும்.

மைலேஜுக்காக 30-ல் போகும்போதே ஐந்தாவது கியர் போடுகிறவர்களுக்கு, அந்த நேரத்தில் இன்ஜின் லோடு, அதாவது இன்ஜின் மேல் விழும் சுமை, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்பதைக் காட்டலாம். ஹீட்டர் போட்டால் ஏசி மாதிரி பெட்ரோல் குடிக்கும் என்பவர்களுக்கும் காட்டலாம், கூலன்ட்டில் வீணாகப் போகும் சூட்டைத்தான் ஹீட்டர் எடுத்துக்கொள்கிறது, எண்ணில் ஒன்றும் அசையாது. யாரும் நம்பப் போவதில்லை என்றாலும்.

இவ்வளவு பேசிவிட்டு எங்கள் கூட்டத்தின் லட்சணத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எங்களில் ஒருவன், சித்தப்பாவின் நியூட்ரல் கதைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன், கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கோன் ஃபில்டர் போட்டான். "சத்தத்தைக் கேளு, எவ்வளவு காத்து இழுக்குது பாரு." இழுத்தது. உள்ளே போகும் காற்றின் சூட்டைத் திரையில் போட்டேன். பழைய பெட்டியோடு அதே சாலையில் 38 டிகிரி இருந்தது, இப்போது 58. இன்ஜினுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் காற்றை நேரே குடிக்கிறது. 20 டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறு சதவீதம் போச்சு. சத்தம் மட்டும் நிஜமாகவே அருமை. அவன் ஸ்கேனரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னது, சித்தப்பா சொன்ன அதே வாக்கியம்: "டப்பா தப்பா காட்டுது."

நானும் இப்படி மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன். புது மாடல் கார் ஒன்றில் மாட்டிப் பார்த்தேன், ஓடும்போது பேட்டரி வோல்ட் 12.9. ஓடும் வண்டியில் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டாமா? "பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போச்சு" என்று டாக்டர் தோரணையில் சொல்ல, வண்டிக்காரர் பதறிப்போய் மெக்கானிக்கிடம் ஓடினார். அந்த மெக்கானிக் ஹெட்லைட்டைப் போட்டார், பின் கண்ணாடி ஹீட்டரைப் போட்டார், வோல்ட் 14.6-க்கு ஏறியது. இப்போது பல வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரை ஏற்றி இறக்கும், பேட்டரி நிறைந்திருந்தால் பெட்ரோலை மிச்சப்படுத்த அடக்கி வைக்கும். "யாரு சார் சொன்னது ஆல்டர்னேட்டர் போச்சுன்னு?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த பையனைத் திரும்பிப் பார்த்தாராம், வாய் சிரிக்கவில்லையாம். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

வோல்ட் சொல்வதிலும் இந்த ஸ்கேனர் கொஞ்சம் முன்னே பின்னேதான். மல்டிமீட்டர் 14.1 சொல்லும்போது இது 13.8 சொல்கிறது. வித்தியாசம் எப்போதும் ஒரே அளவு என்பதால் மனக்கணக்கில் கூட்டிக்கொள்கிறேன். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்தால் இதை நம்ப வேண்டாம், அவை கம்பெனிகளின் சொந்த மொழி, இதற்குப் புரியாது. டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் காற்றழுத்த எண்தான் அடிக்க வேண்டிய அளவு என்று நம்புகிறவர்களையும் இதை வைத்துத் திருத்த முடியாது. அது டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். எட்டு மாதத்தில் பிளாஸ்டிக் மூடி ஒரு முறை கழன்று வந்தது, ஒட்டிவிட்டேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

நான்கு கொடுக்காமல் அரை மதிப்பெண் வெட்டியதற்குக் காரணம் கடைசியில் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஊரில் இல்லை. ஸ்கேனரைப் பிடுங்காமல் போய்விட்டேன். துளையின் 16-வது பின் பேட்டரியோடு நேரடித் தொடர்பு, சாவியை எடுத்தாலும் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். பிறகு அளந்து பார்த்தபோது இந்த டப்பா மட்டும் 40 மில்லி ஆம்பியர் சொச்சம் இழுக்கிறது, ஒரு நாளைக்கு 1 ஆம்பியர் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தன் பங்குக்குக் கொஞ்சம் இழுக்கும். 45 ஆம்பியர் அவர் பேட்டரி, நான்கு வயசு. மூன்று வாரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினேன், டிக் என்ற சத்தம் கூட வரவில்லை.

சித்தப்பாதான் ஜம்பர் கேபிளோடு வந்தார். பானெட்டைத் திறக்கும் முன்னால் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "அந்த டப்பாவுல பாத்து சொல்லுடா, எத்தனை வோல்ட் இருக்கு?" போனில் "இணைப்பு இல்லை" என்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மைலேஜ் டப்பாவும் ஒரு வருஷம் மாட்டியிருந்தது, அவர் தினமும் ஓட்டுகிறவர் என்பதால் தப்பித்தார், ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

இப்போது பார்த்து முடித்ததும் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன். இதே ஸ்கேனர் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்சோடும் வருகிறது. வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.